ஹோம் மேட்ச்சுக்கு ஆளில்லை என்றவருக்கு

எங்கள் கிரவுண்டில் மேட்ச் வைத்தால் பார்க்க ஆள் வராது என்று நீங்கள் சொன்னது பொய். கிளப் செயலாளராகிய நீங்கள் அது பொய் என்று தெரிந்துதான் சொன்னீர்கள்.

இதை நேரில் சொல்லத் தொடங்கினால் நடுவில் மறித்துவிடுவீர்கள். பொதுக்கூட்டத்தில் அப்படித்தான் செய்தீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களையும் என்னையும் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும்.

நான் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறேன். இளவயதில் தோட்டத்து ஃபுட்பால் டீமில் பின்வரிசையில் ஆடினேன். முழங்கால் போன பிறகு சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்து சேர்ந்தது. பக்கத்து டவுனின் பெயரில் கிளப் தொடங்கி, சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் லீக்குக்கு அது ஏறியபோது சாமான்களோடு நானும் ஏறினேன். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பையன்கள். கோல் காக்கிறவன் என் அண்ணன் மகன். இடது பக்கம் ஓடுகிறவன் டயகமவிலிருந்து வருகிறான்.

லீக்கில் பாதி மேட்ச் சொந்த கிரவுண்டில், பாதி மேட்ச் மற்றவர்களுடைய கிரவுண்டில். இது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் டீமுக்கு மட்டும் சொந்த கிரவுண்ட் கடலோர நகரம் ஒன்றில் இருந்தது. மலையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர ஐந்து மணித்தியாலம். தோட்டத்தில் இருக்கிற எங்கள் கிரவுண்ட் சரிவு என்று லீக்கில் சொன்னார்கள். உண்மை. கோவில் பக்கத்துக் கோலில் நின்று பந்தை உருட்டினால் அது தானாகவே தண்ணீர்ப் பீலிப் பக்கத்துக் கோலுக்குப் போய்ச் சேரும். உடுப்பு மாற்ற அறை இல்லை என்றார்கள். அதுவும் உண்மை. பின்னேரமானால் பனி மூடிவிடும் என்றார்கள். மூடும்தான். இதையெல்லாம் நான் அன்றும் மறுக்கவில்லை.

ஹோம் டீம் என்றால் லீக்கில் சில பொறுப்புகள் உண்டு. கோல் வலை, மூலைக்கொடி, பந்துகள், குடிதண்ணீர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் ஹோம் டீம்தான் கொடுக்க வேண்டும். கடலோர நகரத்தில் வாடகைக்குக் கிடைத்தது வெறும் புல்லும் இரண்டு கோல் கம்பங்களும்தான். ஆகவே ஒவ்வொரு ஹோம் மேட்ச்சுக்கும் இவ்வளவையும் நான் பஸ் கூரையில் கட்டி இறக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சர் நானே செய்தது. இரண்டு யூக்கலிப்டஸ் கம்பு, நடுவில் கொழுந்து வாட்டும் தட்டிலிருந்து கழித்த சாக்குத் துணி. அதில் படுக்கிறவன் மேல் இரண்டு நாளைக்குத் தேயிலை மணக்கும்.

வழியில் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்துவோம். முதல் தடவை கடைக்காரர் வெளியே வந்து கூரையைப் பார்த்தார்.

“என்னாங்க, ஸ்ட்ரெச்சரெல்லாம் கட்டிக்கிட்டு? யாருக்கு சொகமில்ல?”

“மேட்ச்சுக்குப் போறோம்ணே. ஹோம் மேட்ச்” என்றேன்.

“ஹோம்னா வீடுதானே? வீடு மேலல்ல இருக்கு. நீங்க ஏன் கீழ எறங்குறீங்க?”

டயகமப் பையன் வாயில் ரொட்டியோடு சொன்னான்: “வீட்டத்தான்ணே பஸ்ஸுக்கு மேல கட்டி வச்சிருக்கோம். நல்லாப் பாருங்க, கொடிக்கம்பு கூட இருக்கு.”

அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸைக் கண்டாலே அந்த மனிதர், “வீட்ட இறுக்கிக் கட்டுனீங்களா? போன தடவ மாதிரி மூணு கோலுக்கு அவுந்துரப் போவுது” என்று கத்துவார். கோபம் வராது. அவர் சொல்வதில் பிழையில்லை.

அந்த நகரத்துக் கேட் காவலாளியும் பிழையானவர் இல்லை. கம்பளிச் சட்டையோடு வந்து இறங்கிய எங்களைப் பார்த்து, வந்த டீம் பின் கேட்டால் போக வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நாங்கள்தான் ஹோம் டீம் என்றேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மலையிலிருந்து என்றேன். “அப்போ வந்த டீம்தானே” என்று கையைக் காட்டிவிட்டார். பின் கேட்டால் போனோம்.

உள்ளே இருந்த சனம் எதிர் டீமின் சனம். அவர்களுக்கு அந்த நகரம் அடுத்த ஊர். எங்களுக்கென்று ஒரு வேனில் வந்த பத்துப் பன்னிரண்டு பேர் மூலையில் நிற்பார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் பையன்களின் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். மலைக் குளிரில் ஓடிப் பழகியவர்கள் கடல் வெயிலில் என்ன செய்வார்கள்? இன்னொன்றும் இருந்தது. சரிவில் பழகிய கால். மேட்டுப் பக்கம் அடித்தால் பலமாக, பள்ளத்துப் பக்கம் அடித்தால் மெதுவாக என்று அந்தக் காலுக்குப் பதிந்திருக்கிறது. தட்டையான புல்லில் ஒரு பந்து ஆளைத் தாண்டிப் போகும், அடுத்த பந்து ஆளுக்கு முன்னால் நின்றுவிடும். வெளியூரில் மற்ற டீம்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு தொல்லை இருக்கும். எங்களுக்குச் சொந்த கிரவுண்டிலேயே இருந்தது.

இதில் என் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் பெண்டாட்டி, கோல் காக்கிறவனின் தாய். கொழுந்து பறிக்கிறவர். மகன் அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு கோலில் நிற்பதை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை மகனுக்காகப் புறப்பட்டு, வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து, கினிகத்தேனைக்கு முன்னாலேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பிறகு போனில் பார்ப்பதோடு சரி.

“போன்ல எறும்பு கணக்கா நிக்கிறான் தம்பி. கைய ஆட்டுறான்னு தெரியுது. மூஞ்சி தெரியல. வேற எவனையாச்சும் நிக்க வச்சாலும் நான் எம்மகன்னுதான் நெனச்சுக்குவேன்.”

போன சீசன் தொடக்கத்தில் நீங்கள் தோட்டத்துக்கு வந்தீர்கள். கோவில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். கிரவுண்டைச் சரி செய்யுங்கள், லீக்கிலிருந்து பார்வையிட ஆட்களை நான் கூட்டி வருகிறேன், அவர்கள் சரி என்றால் சீசனின் கடைசி ஹோம் மேட்ச் இங்கேதான் என்றீர்கள். மதினி கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அய்யா, மெய்யாவா?” என்றார். “மெய்தாம்மா” என்றீர்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டோம். தோட்டத்தை நடத்தும் துரை இரண்டு ஞாயிறு டிராக்டர் கொடுத்தார். மற்ற நாட்களில் சாக்கில் சுமந்தோம். ஆறு நாள் கூடை சுமந்த பெண்கள் ஏழாம் நாள் மண் சுமந்தார்கள். பழைய பிள்ளைக்காம்பரா, முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கட்டடம், கூரை போய்க் கிடந்தது. தகரம் மாற்றி, நடுவில் சுவர் வைத்து உடுப்பு மாற்ற இரண்டு அறையாக்கினோம். பனி வருமுன் முடிய வேண்டுமென்று மேட்ச்சைக் காலை பதினொரு மணிக்கு வைக்கச் சொல்லி நான்தான் யோசனை சொன்னேன். நீங்கள் என் தோளில் தட்டினீர்கள்.

பிறகு ஒரு நாள் போன் பண்ணி, ஞாயிறு காலை பார்வைக்கு வருகிறார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்றீர்கள்.

இங்கேதான் என் பிழை. அதை நான் மறைக்கப் போவதில்லை.

தோட்டத்தில் மேலிடத்து ஆள் பார்வைக்கு வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம் என்பது மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்குவோம். காயப்போட்ட துணிகளை எடுத்துவிடுவோம். நாய்களைக் கட்டுவோம். பிள்ளைகளை உள்ளே போடுவோம். வேலையில் இல்லாத ஆள் ஒருவரும் வெளியே தெரியக் கூடாது. சும்மா நிற்கிற ஒரு ஆள் கண்ணில் பட்டால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிலிருந்து கங்காணி வரை எல்லோருக்கும் ஏச்சு விழும். பார்வைக்கு வருகிற ஆளுக்குத் தேயிலையும் கட்டடமும் தெரிய வேண்டும், மனிதர்கள் தெரியக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுத்து இதை நாங்கள் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியது.

அந்த ஞாயிறும் அதையே செய்தேன். காலையில் மேட்டு லயத்திலும் கீழே பணிய லயத்திலும், அந்த வரிசை வீடுகளிலெல்லாம், சனம் குளித்து உடுத்துக் கிரவுண்டுக்கு வரத் தயாராக நின்றது. பையன்கள் தப்பு மேளங்களை நெருப்பில் காய்ச்சி வைத்திருந்தார்கள். நான் வாசல் வாசலாகப் போய், பெரியவங்க வாராங்க, யாரும் வெளியே வராதீங்க, சத்தம் போடாதீங்க என்று சொன்னேன். தப்பு வைத்திருந்தவர்களை ஏசி உள்ளே அனுப்பினேன்.

மதினி இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையில் பூ வைத்திருந்தார்.

“ஏன் தம்பி, மேட்ச் பாக்க ஆளு இருக்கான்னு பாக்க வாராங்களா, ஆளு இல்லையான்னு பாக்க வாராங்களா?”

“கிரவுண்ட பாக்க வாராங்க மதினி. பேசாம உள்ள போங்க.”

“கிரவுண்டு மட்டும் தனியா மேட்ச் ஆடுமாக்கும்.”

“மதினி, ஒங்க மகனுக்காகத்தான் சொல்றேன்.”

 அவர் லயத்துக்குள் போகவில்லை. கிரவுண்டுக்கு மேலே இருக்கும் தேயிலைக்குள் போய்க் குந்திக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, செடிக்குக் கீழே தலையை இறக்கிக்கொண்டு, ஒரு மலைச் சனம் அங்கே உட்கார்ந்திருந்தது. கீழேயிருந்து பார்த்தால் எனக்குச் சேலை நிறங்கள் தெரிந்தன.

பார்வைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதானவர், தலையில் தொப்பி. மற்றவர் எழுதிக்கொண்டு வந்தார். நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன். கோல் கம்பத்தை அளந்தார்கள். கோட்டை அளந்தார்கள். உடுப்பு அறையில் குழாயைத் திறந்து பார்த்தார்கள். நல்ல வேலை என்று பெரியவர் சிங்களத்தில் சொன்னார். பிறகு நடுவட்டத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். அப்போதுதான் உங்களிடம் கேட்டார். மேட்ச் நடந்தால் இங்கே யார் பார்க்க வருவார்கள்?

நீங்கள் மேலே தேயிலையைப் பார்த்தீர்கள். நான் மூன்றடி தள்ளி நின்றேன், உங்கள் கண் போன இடம் எனக்குத் தெரியும். மதினியின் சிவப்புச் சேலை அங்கே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான், “இவர்கள் தோட்டத்து ஆட்கள், வேலை விட்டால் வீட்டுக்குள் போய்விடுவார்கள், பெரிதாக யாரும் வர மாட்டார்கள்” என்று சிங்களத்தில் சொன்னீர்கள்.

அந்த நேரம் பார்த்துத் தேயிலைக்குள் ஒரு குழந்தை இருமியது. பெரியவர் திரும்பினார். என்ன சத்தம் என்று கேட்டார்.

குரங்கு என்றீர்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து, ஐயா அது குரங்கில்லை, எங்கள் சனம், கூப்பிட்டால் இப்போதே எழுந்து வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் அந்த மலையே எழுந்து நின்றிருக்கும். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய ஆட்கள் பேசும்போது நடுவில் பேசக் கூடாது என்ற அதே பழக்கம். ஆட்களை ஒளித்து வைத்தது ஒரு பிழை, வாயை மூடிக்கொண்டு நின்றது இன்னொரு பிழை. இரண்டும் என்னுடையவை.

ஆனால் நீங்களும் லயத்தில் பிறந்தவர். எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு தோட்டம் தள்ளி. பார்வை நாளில் உங்கள் அம்மா உங்களையும் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார். கிரவுண்ட் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அங்கே நின்றவர்களில் தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் வெளியூர்க்காரர்கள். உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அதைப் படம் பிடித்துக் கிளப்பின் போன் குழுவில் நீங்களே போட்டீர்கள். கிரவுண்ட் தகுதியானது, அறைகள் தகுதியானவை, ஆனால் உள்ளூர் மக்களின் ஆர்வத்துக்கு அறிகுறி ஒன்றும் காணவில்லை, ஆகவே கடைசி மேட்ச்சும் வழக்கமான இடத்தில் நடத்தப்படட்டும் என்று அதில் இருந்தது. மதினிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டினார்.

“என்னைய ஒளிச்சு வச்சது நீ. எம்மகன கடலுக்குக் கூட்டிட்டுப் போனது அவரு. ரெண்டு பேரும் நல்லா இருங்க.”

ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

கடைசி மேட்ச்சுக்கு நான் போகவில்லை. சாமான்களையும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான்.

“சித்தப்பா, பஸ்ஸு மேல வீட்டக் காணோமேன்னு கினிகத்தேன கடக்காரரு கேக்குறாரு. என்னான்னு சொல்றது?”

“வீடு வீட்டுல இருக்குன்னு சொல்லு.”

அங்கே வலையை எதிர் டீமிடம் இரவல் வாங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது என் பிழை என்றால் அதற்கும் நான் பொறுப்பு. எங்கள் வலையை நான் எங்கள் கோல் கம்பத்தில் கட்டியிருந்தேன். நாலு மூலையிலும் கொடி நட்டேன். புதிதாகக் கோடு போட்டேன். இந்தத் தடவை யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. மேட்டு லயம், பணிய லயம், பக்கத்துத் தோட்டம் இரண்டு, எல்லாச் சனமும் வந்து கோட்டைச் சுற்றி நின்றது. போனைக் கோவில் ஸ்பீக்கரில் மாட்டி மேட்ச் வருணனையைப் போட்டோம். தப்பு அடித்தார்கள். வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் நின்றோம். பாதியில் பனி இறங்கி எதிர்ப் பக்கத்துக் கோல் மறைந்துவிட்டது. யாரும் போகவில்லை. பனி மறைக்க அங்கே ஆட்டம் ஒன்றும் இல்லையே.

மதினி கோவில் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் நின்றார். மகன் ஒரு பெனால்டியைத் தடுத்தான் என்று ஸ்பீக்கரில் வந்தபோது வலையைப் பிடித்து உலுக்கினார்.

“இதத்தான்டா நான் பாக்கணும்னேன்” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்தச் சனத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் கட்டை விரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினீர்கள். இரண்டும் இன்னும் என் போனில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு வந்த பொதுக்கூட்டத்தில், மலையில் பார்க்க ஆள் வராது, அறிக்கையே சொல்கிறது என்று மறுபடி சொன்னீர்கள். நான் எழுந்தேன். “சாமான் பாக்குறவரு உக்காருங்க, நேரமில்ல” என்றீர்கள். உட்கார்ந்தேன். மூன்றாவது பிழை அது.

உங்கள் வீடு இப்போது அந்தக் கடலோர நகரத்தில் இருக்கிறது. கிரவுண்டுக்கு நடந்தே போவீர்கள். காரணம் அதுதானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். புதிய சீசன் பட்டியல் வந்துவிட்டது. ஹோம் மேட்ச் எல்லாம் திரும்பவும் அங்கேதான். அண்ணன் மகனுக்கு இந்த ஒரு சீசன்தான் கையெழுத்தாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் எங்கே போவான் என்று யாருக்கும் தெரியாது. மதினியைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது. இங்கே ஒரு மேட்ச், ஒன்றே ஒன்று, அதைத்தான் நாங்கள் கேட்டோம்.

வருகிற ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கிரவுண்டுக்கு வாருங்கள். கோவில் மைக்கைக் கட்டி வைக்கிறேன். என் மூன்று பிழைகளையும் முதலில் நான் அதில் சொல்கிறேன். பிறகு நீங்கள் மைக்கைப் பிடித்து, அந்தச் சனம் எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அன்று தேயிலைக்குள் இருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், அந்தப் பெரியவர் கேட்டபோது குரங்கு என்று ஏன் சொன்னீர்கள்? மதினி முன்வரிசையில் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.